காருக்கு நெய் போட்ட திருநாவுக்கரசு

போர்ட் பிளேயரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் ஹெட்கிளார்க்காக இருந்த திருநாவுக்கரசைப் பற்றி எழுதுகிறவன் அவருடைய மூக்கிலிருந்து தொடங்குவதுதான் முறை. கண், காது முதலிய மற்ற உறுப்புகளும் அவருக்கு இருந்தன; ஆனால் அவையெல்லாம் மூக்கின் கீழ்ப் பணிபுரிந்தன.

மாயவரத்துப் பக்கம் சைவக் குடும்பம். வெங்காயத்தையே கொஞ்சம் சந்தேகத்தோடு வீட்டுக்குள் விட்ட குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு 1959-ஆம் வருஷம் அந்தமானில் உத்தியோகம் போட்டது சர்க்கார் செய்த குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். நாலு நாள் கப்பலில் வந்து ஹேடோ துறையில் கால் வைத்த நிமிஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் ‘சீ’. அதற்குப் பிறகு அந்தத் தீவில் அவர் பேசியதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு எழுதிய உரை.

கருவாடு காயப்போட்ட தகரக் கூரைகளைக் கண்டால் சீ. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் மீன் வறுத்தால் சீ. பஸ்ஸில் கூடையோடு யாராவது ஏறினால், இவர் சீ சொல்லிக்கொண்டே இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். அதில் இரண்டு கூடை ஏறும். சட்டைப்பையில் எப்போதும் பச்சைக்கற்பூரம் தடவிய கைக்குட்டை ஒன்று இருந்தது. அதை எடுத்து மூக்கில் வைப்பதில் அவருக்கு இருந்த நேர்த்தி, கோப்பில் கையெழுத்துப் போடுவதில்கூட இல்லை.

இந்தக் கூடைகளிலிருந்து தப்பிக்கத்தான் அவர் கார் வாங்கினார்.

மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுச்சென்ற வண்டி அது. சின்ன வண்டி, கறுப்பு, சீமையில் செய்தது, வயது பதினேழு. மேலே பூசியிருந்த பெயிண்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். திருநாவுக்கரசு தலை சீவிப் பார்த்தார், திருப்தியாக இருந்தது, வாங்கிவிட்டார். அடியில் குனிந்து பார்க்கவில்லை. குனிவது ஹெட்கிளார்க்கின் வேலை இல்லை.

அந்த அதிகாரியிடம் ஓர் ஆர்டர்லி இருந்தார். கடமை தவறாதவர். கோடையில் போர்ட் பிளேயரில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், வந்தாலும் வந்ததாகச் சொல்ல முடியாது. அதற்காகத் துரை வண்டியைக் கழுவாமல் விடலாமா? அவர் தினமும் காலையில் கடலுக்குப் போய் இரண்டு வாளி உப்புத்தண்ணீர் கொண்டுவந்து மேலும் கீழும் இடுக்கிலும் சந்திலும் ஊற்றிக் கழுவினார். ஆறு வருஷம். ஒருநாள் தவறவில்லை. இப்படிப்பட்ட விசுவாசமான ஊழியர்களால்தான் தீவில் இரும்பு என்று ஒன்று மிச்சமில்லாமல் போனது.

மூன்று மாதத்தில் மட்கார்டில் அம்மை போட்டது. முதலில் ஒரு கொப்புளம், பிறகு வரிசையாகக் கொப்புளங்கள். ஒன்றைத் திருநாவுக்கரசு விரலால் அமுக்கினார். விரல் உள்ளே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் நுனியில் காப்பிப் பொடி மாதிரி ஒட்டியிருந்தது. முகர்ந்தார். ‘சீ’ என்றார்.

அவர் செய்த வைத்தியம் பெரும்பாலான உத்தியோகஸ்தர்கள் செய்யும் வைத்தியம்தான். ஓட்டையில் பழைய பேப்பரைத் திணித்து, மேலே பெயிண்டர் பயன்படுத்தும் பட்டியை அப்பி, தேய்த்து, கறுப்பு அடித்தார். துரு அதன் அடியில் நிம்மதியாகக் குடித்தனம் செய்து அடுத்த மழைக்குப் பெரிய குடும்பமாக வெளியே வந்தது. மறுபடி பட்டி. கதவின் கீழ்விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. அது வழியாகப் புழுதி வருகிறதென்று அவற்றையும் பட்டி வைத்து அடைத்தார். ரேடியேட்டரில் தண்ணீரை மாற்றினால் டீக்கடை டீ நிறத்தில் கொட்டியது. இரண்டு நாள் சும்மா நிறுத்தினால் பிரேக் கட்டைகள் துருவேறி உருளையோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் வண்டியை நாலு பேர் முன்னும் பின்னும் ஆட்டி, குழந்தையை எழுப்புவதுபோல் எழுப்ப வேண்டும்.

ஒருநாள் அபர்தீன் பஜார் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வீட்டில் இறங்கியபோது அவர் மனைவி நீலாவதி அம்மாள் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

“இன்னொண்ணு எங்கே?” என்றார் இவர்.

“ரோட்டுல. நடுவுல எங்கேயோ கால் குளுகுளுன்னு இருந்துச்சு. காத்துன்னு நெனச்சுட்டேன்.”

காரின் தரை போய்விட்டிருந்தது. காரில் உட்கார்ந்தபடியே ரோட்டைப் பார்க்கும் வசதி தீவில் அந்த ஒரு வண்டிக்குத்தான் இருந்தது. பஜார் முழுக்கச் செருப்புக் கதை பரவியது. கண்டவர்களெல்லாம், “நடந்து வந்தீங்களா, கார்ல நடந்து வந்தீங்களா?” என்று குசலம் விசாரித்தார்கள்.

இதையும் அவர் பொறுத்திருப்பார். ஆனால் 1968-இல் முருகன் கப்பலேறிவிட்டார்.

கராச்சர்மா மேட்டில் தமிழர்கள் சேர்ந்து ஒரு முருகன் கோயில் கட்டியிருந்தார்கள். தகரக் கூரைதான். மூலவர் இருந்தார், ஊர்வலம் போக உற்சவர் இல்லை. மெயின்லேண்டில் ஐம்பொன்னில் வார்க்கச் சொல்லியிருந்தார்கள். பங்குனி உத்திரத்துக்கு முந்தின கப்பலில் சாமியும், கூடவே ஒரு குருக்களும் வருவதாகக் கடிதம் வந்தது. தீவுக்கு அரிசி, சிமெண்டு, மாற்றலாகி வருகிறவர்கள் எல்லாம் கப்பலில் வருகிறபோது சாமி மட்டும் வேறு எப்படி வர முடியும்? துறையிலிருந்து கோயில் வரை சாமியை அழைத்து வருகிறவர் பெயரைக் கோயில் வாசலில் கல்லில் வெட்டுவதென்று கமிட்டி முடிவு செய்தது.

அந்தக் கல்லில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று திருநாவுக்கரசு ஆசைப்பட்டார். ஆசை என்பது சின்னச் சொல். ஒன்பது வருஷமாகக் கைக்குட்டையோடு அலைந்து மூக்கைக் காப்பாற்றிய ஒரு மனிதனுக்கு இந்தத் தீவு தரக்கூடிய ஒரே மரியாதை அது என்று அவர் நம்பினார். சைவமாய் வாழ்ந்ததற்குச் சான்றிதழ், அதுவும் கல்லில்.

போட்டிக்கு இருந்தவர் கண்ட்ராக்டர் கோவிந்தராஜ். மதுரைக்காரர். வாட்டசாட்டமான ஆள், லாரி வைத்திருந்தார், சிரித்துக்கொண்டே காலை வாரக்கூடியவர்.

“சாமி லாரியிலா வர்றது?” என்று கமிட்டியில் கேட்டார் திருநாவுக்கரசு. “மணல் அள்ளுற லாரியில? காராவது ஒரு மரியாதை.”

“காருதாண்ணே மரியாதை,” என்றார் கோவிந்தராஜ். “ஆனா ஒங்க கார்ல ஏத்துனா சாமி கோயிலுக்கு வந்து சேருமா, நம்ம அக்கா செருப்பு மாதிரி வழியில எறங்கிக்கிருமா?”

கமிட்டி சிரித்தது. பெட்டி, பீடம் எல்லாம் சேர்த்து இரண்டு மூட்டை சிமெண்டு கனம் என்று கடிதத்தில் இருந்தது. கடைசியில் இப்படி முடிவாயிற்று: சாமி வருகிற அன்று துறையில் கோவிந்தராஜ் இரண்டு மூட்டை சிமெண்டை அந்தக் காரில் வைத்துத் தானும் ஏறி நிற்பார். தரை தாங்கினால் கார். தாங்காவிட்டால் லாரி.

தோற்றுப்போகும் நிலையில் இருக்கிறவர்கள் செய்வதைத் திருநாவுக்கரசும் செய்தார். ஒழுக்கத்தைக் கையில் எடுத்தார். சாமி வருவதற்கு முன் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கமிட்டிக்காரர்கள் யாரும் மீன் தொடக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். “தொட்டால் யாரும் துப்புச் சொல்ல வேண்டாம். முருகனே காட்டிக்கொடுப்பான். சாமிகிட்ட வர்றப்ப அவன் உடம்பு நாறும்,” என்றார். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அந்த மாதம் கப்பல் தாமதமாகி, தீவில் உருளைக்கிழங்கு என்ற பெயரே மறந்துபோய், வெண்டைக்காய்க்குப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள் என்பதையும், மீன் மட்டும் தாராளமாகத் துள்ளிக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது தரை. வேறு வழியில்லாமல் அவர் சிலுவைராஜிடம் போனார்.

உவரிக் கடற்கரையிலிருந்து வந்த சிலுவைராஜ் ஹேடோவில் கடல் ஓரமாகப் பட்டறை போட்டிருந்தார். படகு கட்டுகிறவர் மகன். இங்கே வந்து டிங்கரிங் கற்றுக்கொண்டு, படகும் காரும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. இரண்டும் தண்ணீரைத் தாங்க வேண்டியவை, இரண்டும் கடைசியில் தாங்காதவை. பட்டறையைச் சுற்றி வலை, கருவாடு, மீன் கூடை. திருநாவுக்கரசு கைக்குட்டையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

சிலுவைராஜ் காருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, கம்பியால் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்டத் துரு அவர் நெஞ்சின்மேல் உதிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது:

“ச்சீ.”

திருநாவுக்கரசு திடுக்கிட்டார். இந்தத் தீவில் இன்னொரு மனிதன் மனம்விட்டு அந்தச் சொல்லைச் சொல்லி அவர் கேட்டதில்லை. உடனே ஒரு மதிப்பு வந்துவிட்டது. அருவருப்புப்படத் தெரிந்தவன், நம்பலாம் என்று நினைத்தார். ஆனால் ஒருவருக்கு மீன் அருவருப்பு, மற்றவருக்குப் பட்டி அருவருப்பு. சொல் ஒன்றுதான்.

சிலுவைராஜ் பட்டியைக் குத்திக் குத்தி எடுத்து வெளியே எறிந்தார். பழைய பேப்பர் வந்தது. சட்டைத் துணி வந்தது. பிசைந்து காய்ந்த கோதுமை மாவு வந்தது. கடைசியில் கெட்டியாக ஓர் அட்டை வந்தது. அதில் சிவப்பு நாடாவும் ‘அவசரம்’ என்ற முத்திரையும் இருந்தன.

“இது ஆபீஸ் ஃபைலுல்லா சார்? இதக் கார் தரையில யாரு வச்சது?”

திருநாவுக்கரசு கடலைப் பார்த்தார்.

“பாத்தியளா, கதவுக்குக் கீழ ஓட்டய அடச்சு வச்சிருக்கு. தண்ணி போறதுக்குன்னே சீமக்காரன் வச்ச ஓட்ட சார் அது. அத அடச்சா மழத்தண்ணி எங்க போவும்? உள்ளயே நின்னு கதவத் திங்கும். எந்தப் பய செஞ்ச வேல?”

“முன்னாடி வச்சிருந்தவர்,” என்றார் திருநாவுக்கரசு, கைக்குட்டைக்குள்ளிருந்து.

“இந்திக்காரன் துருவுக்கு ஜங்னு சொல்லுதான். சண்டைக்கும் ஜங்னுதான் சொல்லுதான். சரியாத்தான் பேரு வச்சிருக்கான். மூடி மறச்சா உள்ள இருந்து அடிப்பான். நான் அழுகுனத பூரா வெட்டி எடுத்துருதேன். நல்ல தகடு வாற வரைக்கும் வெட்டணும். தார் டிரம் தகடு இருக்கு, கனமானது, அத வச்சு ரிவிட் அடிச்சு ஓரத்துல வெல்டிங் புடிச்சிருதேன். கம்பி பிரசு போட்டுத் தேச்சு, ரெட் ஆக்சைடு ரெண்டு கை. அதுக்கு மேல நெய் குடுத்துட்டா பத்து வருசத்துக்குக் கவல இல்ல.”

“நெய்யா?”

“நெய்தான் சார். சூடா இருக்கும்போதே அடியில, இடுக்குல, கதவுக்குள்ள பூரா அடிச்சு விட்டுருவேன். நெய் பட்ட எடத்துல துரு ஏறாது. எங்கய்யா வள்ளத்துக்கு வருசம் ரெண்டு தடவ நெய் குடுப்பாரு.”

திருநாவுக்கரசின் கண்கள் கனிந்தன. வேறு மதம், கடற்கரை, இந்த நாற்றத்தில் பிழைப்பு; ஆனாலும் நெய்யின் அருமை தெரிந்திருக்கிறது. படகுக்கே நெய் போட்ட பரம்பரை.

“வனஸ்பதி ஆகாதா?” என்று சிக்கனமாகக் கேட்டுப் பார்த்தார்.

“ச்சீ. அது ஒட்டாது சார். வாசனையும் கெடயாது.”

“நெய் நல்ல நெய்தானே? கடை நெய்யில எல்லாம் கலப்படம்.”

“கடையா? எங்க வீட்டுலயே காச்சுததுல்லா. பொஞ்சாதி அமுதம் காச்சுவா. பெருசா ஒண்ணு கெடச்சா அது ஒண்ணுலருந்தே ரெண்டு டின் எறங்கும்.”

“ஒண்ணுலேருந்தா?” திருநாவுக்கரசுக்கு மலைப்பாக இருந்தது. மாயவரத்தில் அப்படிப்பட்ட மாட்டை அவர் கேள்விப்பட்டதில்லை. “தீனி என்ன போடுறீங்க?”

சிலுவைராஜ் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டி அவரைப் பார்த்தார். படித்தவர்கள் சில சமயம் இப்படிக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

“நாம என்ன போடுதது சார்? அதுபாட்டுக்கு மேஞ்சுக்கிடும்.”

“வாசனை வருமா?”

“ஒரு மாசத்துக்குத் தெருவே மணக்கும்.”

“மணக்கட்டும்,” என்றார் திருநாவுக்கரசு. “சாமி வர்ற வண்டி.”

நீலாவதியிடம் போய், நம் கார் நெய்யில் குளிக்கப்போகிறது என்று சொன்னார். ஆபீஸில் சொன்னார். கமிட்டியிலும் சொன்னார். கோவிந்தராஜ்கூட அன்று கொஞ்சம் அசந்துவிட்டார்.

வேலை பதினெட்டு நாள் நடந்தது. சிலுவைராஜ் காரில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கட்டினார். அடைத்த துளைகளையெல்லாம் கம்பி விட்டுத் திறந்தார். பிரேக்கைக் கழற்றித் துடைத்தார், ரேடியேட்டரை அலசினார். தரையில் சம்மட்டியால் அடித்துக் காட்டினார். கோயில் மணி மாதிரி கேட்டது. “இனிமே கழுவினா நல்ல தண்ணியில கழுவுங்க. நல்ல தண்ணி இல்லன்னா கழுவாதிய,” என்றார்.

சாமி வருவதற்கு முந்தின நாள் மதியம் வண்டியை எடுக்கப் போனவர், வழக்கம்போலக் கைக்குட்டையைக் கட்டியிருந்தார். பட்டறை நாற்றம் பட்டறையோடு போகும் என்று நம்பி வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு மைல் போனார். நாற்றம் கூட வந்தது. இரண்டு மைல் போனார். நாற்றம் முன்னால் போனது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது பின்னால் ஏழு பூனைகள் நின்றன. மேலே காக்கைகள் வட்டம் போட்டன.

நீலாவதி வெளியே வந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, “என்னங்க செத்துப்போச்சு?” என்றார்.

திரும்பி ஹேடோவுக்கு ஓட்டிய வேகத்தை அந்த வண்டி சீமையில்கூடக் கண்டிருக்காது.

“நெய்யில என்னய்யா கலந்தே?”

“எதக் கலந்தேன்?” சிலுவைராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. “சுத்தமான சுறா நெய் சார். ஈரல காச்சி எறக்குனது. ஒரு சொட்டுக் கலப்படம் காட்டுங்க, இந்தப் பட்டறைய விட்டுட்டுப் போயிருதேன்.”

அந்தக் கடற்கரைத் தமிழில் நெய் என்றால் சுறாவின் ஈரலைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய். மாயவரத்துத் தமிழில் நெய் என்றால் நெய். ஒரே தீவில், ஒரே பாஷையில், இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டு பதினெட்டு நாள் கழித்திருந்தார்கள்.

திருநாவுக்கரசு பட்டறை வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார். அதில் செதில்கள் ஒட்டியிருந்தன. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“நான் பசு நெய்யின்னு நெனச்சேன்.”

சிலுவைராஜ் சிரிக்கவில்லை. “பசு நெய்ய எவனாவது கார்ல அடிப்பானா சார்? சோத்துக்கே இல்லியே.”

திருநாவுக்கரசு எழுந்து காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவிரலாமா?”

“கழுவுனா ரெண்டு நாத்தமும் சேந்துக்கிடும். இது இடுக்கு பூரா எறங்கிட்டு. இனி இரும்பு வேற, நெய் வேற இல்ல.”

வீட்டுக்கு வந்து ஒரு படி சாம்பிராணியைக் காருக்குள் புகைத்தார். சந்தனத்தைக் கரைத்து இருக்கைகளில் தெளித்தார். அந்த வருஷத்தின் முதல் பலாப்பழத்தைப் பிளந்து பின் இருக்கைக்கு அடியில் வைத்தார். சாம்பிராணி போட்ட சுறா, சந்தனம் பூசிய சுறா, பலாப்பழம் தின்ற சுறா என்று நாற்றம் மூன்று அவதாரம் எடுத்ததே தவிர இறங்கவில்லை. அவர் திண்டாடிப்போய்க் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். நாளைக்குத் துறையில் எல்லார் முன்னிலையிலும், ‘இந்த வண்டி சாமிக்கு ஆகாது, லாரியைக் கொண்டு வாருங்கள்’ என்று சொல்லிவிடுவது. சொல்லிவிட்டால் கல் கோவிந்தராஜுக்கு. அந்த வாக்கியத்தை நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ‘ஆகாது’ என்ற சொல்லுக்கு முன்பே நிறுத்திவிட்டார்.

காலையில் ஹேடோ துறையில் நாதஸ்வரத்துக்கு ஆள் கிடைக்காமல் பள்ளிக்கூட பேண்டு நின்றது. கப்பலிலிருந்து பெட்டி இறங்கியது. கூடவே குருக்களும் இறங்கினார். நாலு நாள் வாந்தி எடுத்ததில் அவர் முகம் வாழைத்தண்டு நிறத்துக்கு வந்திருந்தது. பெட்டியைத் திறந்து, முருகனுக்குப் பட்டுக் கட்டி, விபூதி இட்டார்கள். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் குளித்துப் புது வேட்டியில் நின்றார்கள். துறையில் எப்போதும் வீசும் மீன் நாற்றத்தில் காரின் நாற்றம் தனியாகத் தெரியவில்லை.

திருநாவுக்கரசு அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கோவிந்தராஜ், “மொதல்ல தரையப் பாத்துருவோம்ணே,” என்று கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு மூட்டை சிமெண்டைப் பின்னால் இறக்கினார்கள். தரை முனகவில்லை. கோவிந்தராஜ் ஏறி, கூரைக்குக் கீழ் குனிந்து நின்று, ஒரு குதி குதித்தார். தார் டிரம் தகடு அசையவில்லை. இன்னொரு குதி. ஒன்றுமில்லை. தோற்றுப்போன முகத்தோடு ஓர் ஆழ்ந்த பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சைத் திருப்பி இழுக்க வேண்டுமல்லவா? இழுத்தார்.

இழுத்தவர் அப்படியே நின்றார்.

பிறகு மெதுவாகத் தன் வலது கையைத் தூக்கி, விரல்களை முகர்ந்து பார்த்தார்.

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போவதை எல்லாரும் பார்த்தார்கள். இறங்கி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நான் நடந்தே வர்றேண்ணே. ஒங்க கார்லயே சாமி வரட்டும்,” என்றார்.

மூட்டைகளை எடுக்க உள்ளே குனிந்த மற்ற கமிட்டிக்காரர் ஒருவர் வெளியே வந்து, திரும்பி நின்று, ரகசியமாக விரலை முகர்ந்தார். அடுத்தவர் தோளைத் திருப்பிச் சட்டையை முகர்ந்தார். அதற்கடுத்தவர் உள்ளங்கையில் ஊதி அந்தக் காற்றை முகர்ந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஐந்தாமவர் திருநாவுக்கரசு, அவர் மட்டும் எதையும் முகரவில்லை.

எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. நாற்பத்தெட்டு நாளும் இந்தப் பாவிகள் ஒவ்வொருத்தனும் தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு மீன் தின்றிருக்கிறான். முருகன் காட்டிக்கொடுப்பான் என்று தான் சொன்ன சொல் இப்போது அவர்கள் விரல்நுனியில் நாறிக்கொண்டிருக்கிறது. சீ என்று மனசுக்குள் சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்றும் தெரிந்தது. ஒரு நிமிஷம் இருந்தது. நல்ல நீளமான நிமிஷம். அதில் பேண்டுக்காரர்கள் ஒரு பாட்டையே முடித்தார்கள்.

குருக்கள் காருக்குள் தலையை விட்டு, “என்ன வாசனை இது?” என்றார்.

“நெய்,” என்றார் திருநாவுக்கரசு.

“நெய்யா?”

“வண்டி முழுக்க நெய் போட்டிருக்கு, சாமி.”

கடலிலேயே பாதி மூக்கைத் தொலைத்துவிட்டு வந்த குருக்கள், “ரொம்ப விசேஷம்,” என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார்.

ஹேடோவிலிருந்து கராச்சர்மா வரைக்கும் முருகன் அந்தக் காரில் போனார். கமிட்டிக்காரர்கள் நாலு பேரும் வெறுங்காலோடு, காருக்கு நாற்பதடி தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் அந்தப் பக்தியைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பூனைகள் ஊர்வலத்தில் கலந்துகொண்டதும், காக்கைகள் மேலே பந்தல் போட்டதுபோல் வந்ததும் இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் அதிசயமாகச் சொல்லப்படுகிறது. கார் ஓட்டியவர் கைக்குட்டையை எடுக்கவில்லை. எடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் மூக்கு திறந்த வெளியில் எட்டு கிலோமீட்டர் போனது.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்த கோவிந்தராஜ், “விரதத்துல மூணு தடவ சூரைமீன் கொழம்பு... கமிட்டியில சொல்லிராதீகண்ணே,” என்றார். அவர் மட்டுமா, நாலு பேரும் தனித்தனியாக வந்தார்கள். திருநாவுக்கரசு ஒவ்வொருவரையும் பெருந்தன்மையோடு மன்னித்தார். மன்னிக்க மன்னிக்க அவருக்குத் தன்னைப் பார்த்தே ‘சீ’ என்று சொல்லத் தோன்றியது.

கல் வெட்டினார்கள். பெயர் இருக்கிறது. எழுத்துப்பிழைகூட இல்லை.

தீவில் அந்தக் காலத்துக் கார்கள் எல்லாம் துருவாகக் கரைந்து கடலோடு போய்ச் சேர்ந்தன. அவருடைய கறுப்பு வண்டி மட்டும் 1978-இல் அவர் ரிட்டயரான அன்றுவரை தரை கணகணவென்று ஓடியது. ரகசியம் கேட்டவர்களிடம் ‘நெய்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அதை நம்பி ஓர் அதிகாரி உண்மையிலேயே நாலு சேர் பசு நெய்யைத் தன் வண்டிக்கு அடியில் பூசினார். எறும்புகள் வந்து வண்டியைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டன. இவரோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, வெளிச்சம் இருக்கும்போதே, யாருக்கும் பயப்படாதவர்போல் சிலுவைராஜின் பட்டறைக்குப் போய் நிற்பார்.

“நெய்யா சார்?” என்று சிலுவைராஜ் கேட்பார்.

“உம்,” என்பார் இவர். அதற்கு மேல் இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஏற்கெனவே ஒரு தடவை பேசிப் புரிந்துகொண்டது போதும் என்று இருவருக்கும் தோன்றியிருக்கலாம்.

பண்டிகை நாட்களில் நீலாவதி அம்மாள் பருப்புச் சோற்றின் மேல் உருக்கிய நெய்யைக் கரண்டியில் கொண்டுவருவார். மெயின்லேண்டிலிருந்து அண்ணன் அனுப்பிய நெய், முருங்கை இலை போட்டுக் காய்ச்சியது. கரண்டி இலைக்கு மேலே வருவதற்கு முன்பே திருநாவுக்கரசு உள்ளங்கையை விரித்துச் சோற்றை மூடிவிடுவார்.

“நெய்ங்க,” என்பார் அம்மாள்.

“தெரியும்,” என்பார் அவர். கையை எடுக்க மாட்டார்.